டிவி கார்டு யார் பிடியில்? லினக்ஸில் டிரைவர் மோதலை அறிகுறி வைத்துத் தீர்க்கும் வழிமுறை

டிவி கார்டு படம் காட்ட மறுத்தால் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். டிரைவரை மீண்டும் நிறுவப் பார்க்கிறார்கள். அல்லது சந்தேகப்பட்ட மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் கோப்புகளை) எல்லாம் பிளாக்லிஸ்டில், அதாவது தடைப் பட்டியலில், எழுதிவிடுகிறார்கள். முதலாவது பெரும்பாலும் வீண் வேலை. இந்தக் கார்டுகளின் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. தனியாக நிறுவ ஒன்றுமில்லை. இரண்டாவது அதைவிட ஆபத்தானது. எந்த வரி எதைத் தடுத்தது என்பது ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே நினைவிருக்காது.

மோதல் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் உரிமைத் தகராறுதான். ஒரு சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடித்துக்கொள்ள முடியும். முதலில் வந்தது பிடித்துக்கொள்ளும், பின்னால் வந்தது பேசாமல் திரும்பிப் போகும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றே: இந்தச் சாதனம் இப்போது யார் பிடியில் இருக்கிறது?

கட்டளைகளையும் மாட்யூல் பெயர்களையும் இங்கே ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

உள்ளே செருகும் கார்டு என்றால் எல்எஸ்பிசிஐ -என்என்கே கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்குக் கீழும் இரண்டு வரிகள் முக்கியம். "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இப்போது பிடித்திருப்பது யார் என்று சொல்கிறது. "கெர்னல் மாட்யூல்ஸ்" என்ற வரி யார் யாருக்குப் பிடிக்கத் தகுதி உண்டு என்று சொல்கிறது. இரண்டாவது வரியில் இரண்டு பெயர்கள் இருந்தால் மோதலுக்கு இடம் இருக்கிறது. முதல் வரியே இல்லையென்றால் சாதனத்தை எவரும் பிடிக்கவில்லை; அது மோதல் அல்ல, வேறு கதை.

யூஎஸ்பி சாதனம் என்றால் எல்எஸ்யூஎஸ்பி -டி. இது மரம் போலக் கிளைபிரித்துக் காட்டும். ஒவ்வொரு இடைமுகத்துக்கும் எந்த டிரைவர் என்பது தனித்தனியாகத் தெரியும். ஒரே குச்சியில் படத்துக்கு ஒரு டிரைவரும் ஒலிக்கு இன்னொரு டிரைவரும் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஈஎம்28எக்ஸ்எக்ஸ் சில்லு உள்ள சில சாதனங்கள் ஒலியை யூஎஸ்பி ஒலித் தரத்தின்படியே அனுப்புகின்றன. அவற்றின் ஒலியைப் பொதுவான எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ டிரைவர்தான் எடுக்க வேண்டும். அதை எதிரி என்று நினைத்து நீக்கினால் படம் ஊமையாகிவிடும்.

பிறகு வி4எல்2-சிடிஎல் --லிஸ்ட்-டிவைசஸ். எந்த /டெவ்/வீடியோ எண் எந்தச் சாதனத்துக்கு உரியது என்பதை இது காட்டும். கடைசியாக, கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி. கார்டின் டிரைவர் பெயரைத் தேடி, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். தேடிய சொல் உள்ள வரியை மட்டும் பார்ப்பவர்கள் பாதிச் செய்தியைத் தவறவிடுகிறார்கள். உண்மையான காரணம் பல நேரம் அதற்கு முந்தைய வரியில் வேறொரு டிரைவரின் பெயரில் இருக்கும்.

இந்த நான்கின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

அறிகுறி: அனலாக் படம் வருகிறது, டிஜிட்டல் பகுதி இல்லவே இல்லை

பிடி878 சில்லு கொண்ட பழைய டிவிபி (டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம்) கார்டுகளில் வரும் சிக்கல் இது. பழையது என்றாலும் டிரைவர் மோதல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரூக்ட்ரீ நிறுவனத்தின் இந்தச் சில்லு ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண் கொடுத்ததைப் போன்றது. பிசிஐ பட்டியலில் ஒரே கார்டு இரண்டு சாதனங்களாகத் தெரியும். முகவரி 05:00.0 என்றால் அது படப் பகுதி, 05:00.1 என்றால் ஒலிப் பகுதி. படப் பகுதியைப் பிடிடிவி டிரைவர் எடுத்துக்கொள்கிறது, அதில் தகராறு இல்லை. தகராறு இரண்டாவதில்தான். சாதாரண அனலாக் கார்டில் அந்தப் பகுதி ஒலியைத்தான் கொண்டுவரும். அதற்கு லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் எஸ்என்டி_பிடி87எக்ஸ் மாட்யூல் இருக்கிறது. டிவிபி கார்டைச் செய்தவர்களோ அதே பாதையை டிஜிட்டல் ஒளிபரப்பின் தரவோடையைக் கணினிக்குள் கொண்டுவரப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிடி878 என்ற வேறு மாட்யூல். இரண்டில் எது முந்துகிறதோ அதற்கே கார்டு.

ஒலி மாட்யூல் முந்திவிட்டால் டிமெஸ்ஜியில் டிவிபி_பிடி8எக்ஸ்எக்ஸ் டிரைவர் ஒரு புலம்பலை எழுதிவைக்கும். தரவை நேராக நினைவகத்துக்கு அனுப்பும், கார்டின் டிஎம்ஏ மையத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும், அல்சாவின் பிடி87எக்ஸ் ஒலி டிரைவர் இருந்தால் அதை நீக்கிப் பார்க்கவும் என்றும் அதில் இருக்கும். பிழைச் செய்தியே மருந்தையும் சொல்வது அபூர்வம். அந்த டிரைவரை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உடனே பிளாக்லிஸ்டுக்குப் போகாமல், மறுதொடக்கம்கூட இல்லாமல், நோயைச் சரியாகத்தான் கண்டிருக்கிறோமா என்று சோதிக்கலாம். சிஸ் கோப்பு முறையில் ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் ஒரு கோப்புறை இருக்கிறது: /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:05:00.1. அதற்குள் டிரைவர் என்ற இணைப்பும், அதற்குள் அன்பைண்ட் என்ற கோப்பும் இருக்கும். அந்தக் கோப்பில் சாதனத்தின் முகவரியான 0000:05:00.1 என்பதை எழுதினால் இப்போதைய டிரைவர் பிடியை விட்டுவிடும். பிறகு மாட்யூல்களை ஏற்றும் மாட்புரோப் கட்டளையால் பிடி878 மாட்யூலை ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏறியிருந்தால் /சிஸ்/பஸ்/பிசிஐ/டிரைவர்ஸ்_புரோப் கோப்பில் அதே முகவரியை எழுதலாம். ஆனால் ஒலி மாட்யூல் நினைவகத்தில் இருக்கும்வரை அதுவே மீண்டும் பிடித்துக்கொள்ளக்கூடும். அதைத் தவிர்க்க, சாதனத்தின் கோப்புறையில் உள்ள டிரைவர்_ஓவர்ரைடு கோப்பில் முதலில் பிடி878 என்று எழுதிவிட்டால், வேறெந்த டிரைவருக்கும் அந்தச் சாதனம் கிடைக்காது. கடைசியாக டிவிபி_பிடி8எக்ஸ்எக்ஸ் மாட்யூலை இறக்கி ஏற்றினால் /டெவ்/டிவிபி கோப்புறைக்குள் அடாப்டர்0 முளைக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்ன இடறல். இந்தக் கோப்புகளில் எழுத நிர்வாகி அதிகாரம் வேண்டும்; அதைத் தருவது சூடோ. சூடோ எக்கோ என்று எழுதி அம்புக்குறியால் அந்தக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் அனுமதி இல்லை என்று வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்குத்தான் போகிறது, கோப்பைத் திறக்கும் ஷெல்லுக்குப் போவதில்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க் குறியால் சூடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள்.

சோதனை வெற்றி பெற்றால் நிரந்தரத் தீர்வுக்குப் போகலாம். ஆனால் முதலில் /ஈடிசி/மாட்புரோப்.டி கோப்புறையில் எஸ்என்டி-பிடி87எக்ஸ் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாட்யூல் இயல்பாகத் தனக்குத் தெரிந்த கார்டுகளைத்தான் எடுக்கும். தொடக்கூடாத டிவிபி கார்டுகளின் பட்டியலும் அதனுள்ளேயே இருக்கிறது. லோட்_ஆல்=1 என்ற வரி இருந்தால்தான் தெரியாத கார்டின் மீதும் கை வைக்கும். எப்போதோ வேறொரு கார்டுக்காக எங்கிருந்தோ ஒட்டிய வரி இன்றுவரை அங்கே உட்கார்ந்திருக்கலாம். அதை நீக்கினாலே போதும், பிளாக்லிஸ்ட் தேவைப்படாது.

அறிகுறி: பிளாக்லிஸ்டில் எழுதியும் மாட்யூல் மீண்டும் வந்துவிடுகிறது

இந்த ஒன்றுக்காக வீணாகும் நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்பது என் எண்ணம். காரணம் அந்தச் சொல் தரும் நம்பிக்கை. பிளாக்லிஸ்ட் என்றால் மாட்யூலே ஏறாது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது தடுப்பது மிகக் குறைவு: சாதனத்தின் அடையாள எண்ணைப் பார்த்துத் தானாக மாட்யூலை ஏற்றும் வழியை மட்டும் அடைக்கிறது. வேறொரு மாட்யூல் தன் சார்பாக அதை இழுத்துவந்தாலும், கெர்னலுக்குள்ளிருந்தே ஒரு டிரைவர் பெயர் சொல்லிக் கேட்டாலும், நீங்களே மாட்புரோப் தட்டினாலும் அது தடையின்றி ஏறும்.

டிவி கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும். எஸ்ஏஏ7134 டிரைவர் கார்டைக் கண்டதும் எஸ்ஏஏ7134-அல்சா, எஸ்ஏஏ7134-டிவிபி ஆகிய துணை மாட்யூல்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. ஈஎம்28எக்ஸ்எக்ஸும் அப்படியே. ஆகவே எஸ்ஏஏ7134-அல்சாவைப் பிளாக்லிஸ்டில் எழுதுவதில் பயனில்லை. அதற்கு உரிய வழி முதன்மை மாட்யூலிடமே சொல்வது: /ஈடிசி/மாட்புரோப்.டி கோப்புறையில் உள்ள ஒரு கோப்பில் ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 அல்சா=0 என்ற ஒரு வரி. இதுபோன்ற விருப்பம் இல்லாத மாட்யூலுக்கு, இன்ஸ்டால் என்ற சொல், மாட்யூலின் பெயர், /பின்/ஃபால்ஸ் என்ற வரியை எழுதுங்கள். மாட்புரோப் அந்த மாட்யூலை ஏற்றப் போகும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பதிலாக ஒன்றும் செய்யாத ஒரு நிரல் ஓடித் தோல்வியைத் திருப்பித் தரும். முரட்டு வைத்தியம்தான், ஆனால் வேலை செய்யும்.

எந்த மாட்யூலுக்கு என்னென்ன விருப்பங்கள் உண்டு என்பதை மாட்இன்ஃபோ -பி கட்டளை பட்டியலிடும். இணையத்தில் தேடுவதைவிட இது நம்பகமானது. உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பின் உண்மை நிலையைச் சொல்கிறது.

அதன் பிறகும் மாட்யூல் வருகிறதென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். கோப்பின் பெயர் .கான்ஃப் என்று முடிகிறதா? முடியாவிட்டால் மாட்புரோப் அதைப் பொருட்படுத்தாது, எச்சரிக்கவும் செய்யாது. அடுத்து, தொடக்க ராம்டிஸ்க். கணினி தொடங்கும்போது முதலில் ஓடுவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு முறை, அதற்குள் மாட்புரோப்.டி கோப்புறையின் பழைய நகல் இருக்கலாம், மாட்யூல் அங்கேயே ஏறிவிடலாம். டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, ஃபெடோரா வகையில் டிராகட் -எஃப், ஆர்ச் வகையில் எம்கேஇனிட்சிபிஐஓ -பி (கடைசி எழுத்து மட்டும் பேரெழுத்து) கட்டளையால் அதைப் புதிதாகக் கட்டுங்கள். மூன்றாவது, அந்த டிரைவர் மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கலாம். /லிப்/மாட்யூல்ஸ் கோப்புறையில் உங்கள் கெர்னல் பதிப்பின் கீழ் மாட்யூல்ஸ்.பில்ட்இன் என்ற கோப்பு இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் மாட்புரோப்பின் எந்த வரியும் அதைத் தொடாது.

பெயரில் கீழ்க்கோடா இடைக்கோடா என்று குழம்ப வேண்டாம். மாட்புரோப்புக்கு இரண்டும் ஒன்றே.

அறிகுறி: கார்டைச் செருகியதிலிருந்து ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை

டிவி கார்டு தன் ஒலிப் பகுதியை அல்சாவில் ஒரு தனி ஒலி அட்டையாகப் பதிவு செய்கிறது. தொடக்கத்தில் அது முந்திக்கொண்டால் 0 என்ற எண் அதற்குப் போய்விடும். தாய்ப்பலகையின் ஒலி அட்டை 1 ஆகிவிடும். எண் 0-ஐயே இயல்பானதாகக் கருதும் நிரல்கள் டிவி கார்டிடம் போய்ப் பாட்டுப் பாடச் சொல்லும். அதற்கோ ஒலியைப் பதிவு செய்யத்தான் தெரியும், வெளியிடத் தெரியாது.

/ப்ராக்/அசவுண்ட்/கார்ட்ஸ் கோப்பைப் படித்தால் எண்களின் வரிசை தெரியும். தீர்வு ஒரே வரி: ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134-அல்சா இண்டெக்ஸ்=-2. சிஎக்ஸ்88 கார்டு என்றால் சிஎக்ஸ்88-அல்சா, பிடி87எக்ஸ் என்றால் எஸ்என்டி-பிடி87எக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். கழித்தல் 2 என்பது விசித்திரமாகத் தோன்றலாம். எதிர்மறை எண்ணை அல்சா இருமத் தொகுப்பாகப் படிக்கிறது; கழித்தல் 2-இல் கடைசி இருமம் மட்டும் 0, மற்றவை எல்லாம் 1. அதாவது முதல் இடத்தைத் தவிர எந்த இடமும் சம்மதம். நேர் எண்ணாக 1 என்று எழுதலாம், ஆனால் நாளைக்கு இன்னொரு ஒலிச் சாதனம் அந்த இடத்துக்குப் போட்டியிட்டால் மீண்டும் சிக்கல். டெபியன் போன்ற வழங்கல்கள் இந்த வரிகளைத் தாங்களே எழுதித் தந்ததுண்டு. மேசைக் கணினியைக் கையால் அமைத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது நேர்கிறது.

நிரல்களின் ஒலியை நிர்வகிக்கும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ ஓடும் கணினியில் எண் வரிசைக்கு முக்கியத்துவம் குறைவு. அங்கே நடப்பது வேறு: இயல்பான ஒலிவாங்கியாக டிவி கார்டு தேர்வாகிவிடும், காணொலி அழைப்பில் எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் மட்டும் கேட்கும். ஒலி அமைப்பு நிரலில் அந்தச் சாதனத்தின் சுயவிவரத்தை அணைத்துவைப்பது போதும்.

அறிகுறி: "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்ற செய்தி

இதை டிரைவர் மோதல் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இது நிரல்களின் மோதல். லினக்ஸின் வீடியோ இடைமுகமான வி4எல்2 முறையில் ஒரு வீடியோ சாதனத்தைப் பல நிரல்கள் திறந்துவைக்கலாம், ஆனால் படத்தை ஒரு நிரல்தான் இழுக்க முடியும். பின்னணியில் ஓடும் பதிவுச் சேவை, மூடிய பிறகும் உயிரோடிருக்கும் டிவி நிரல், இவற்றில் ஒன்று பிடித்திருக்கும். எஃப்யூசர் -வி /டெவ்/வீடியோ0 என்ற கட்டளை கையும் களவுமாகக் காட்டிக்கொடுக்கும்.

இதன் உடன்பிறப்பு, மாட்யூலை இறக்க முயலும்போது வரும் "மாட்யூல் இஸ் இன் யூஸ்". ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் வெளியீட்டின் கடைசிப் பத்தியில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று இருக்கும். எண் இருந்து பெயர் இல்லையென்றால் பயன்படுத்துவது மாட்யூல் அல்ல, ஒரு நிரல். ஒலிப் பகுதி உள்ள கார்டுகளில் அந்த நிரல் பல நேரம் பைப்வயர்தான். வீடியோ கோப்பை மட்டும் சோதித்தால் அகப்படாது. /டெவ்/எஸ்என்டி கோப்புறையில் உள்ளவற்றையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இருவகைக் கார்டுகளில் இன்னொரு காரணமும் உண்டு. அனலாக், டிஜிட்டல் இரண்டுக்கும் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் டியூனர் ஒன்றே என்றால் ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கம் பிஸி என்றுதான் வரும். அது வடிவமைப்பு, தீர்க்க ஒன்றும் இல்லை.

அறிகுறி: நேற்று வீடியோ0, இன்று வீடியோ2

வெப்கேமும் டிவி கார்டும் ஒன்றாக இருக்கும் கணினியில் எது முதலில் கண்டறியப்படுகிறதோ அதற்கு 0. ஒவ்வொரு தொடக்கத்திலும் வரிசை மாறலாம். போதாக்குறைக்கு, கெர்னலின் 4.16 பதிப்பிலிருந்து யூவிசி (யூஎஸ்பி வீடியோத் தரம்) வெப்கேம்கள் ஒவ்வொன்றும் படத்துக்கு ஒரு கோப்பும் துணைத் தகவலுக்கு ஒரு கோப்புமாக இரண்டு எண்களை எடுத்துக்கொள்கின்றன. ஒரே கேமரா இரண்டு முறை வந்துவிட்டது, டிரைவர் இரட்டிப்பாகிவிட்டது என்று இதைப் பார்த்து எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. எதுவும் கெடவில்லை. மெய்நிகர் கேமராவுக்கான வி4எல்2லூப்பேக் மாட்யூலும் தொடக்கத்திலேயே ஏறினால் முதல் எண்ணைத் தட்டிக்கொண்டு போகும்.

டிவி கார்டின் மாட்யூலுக்கு வீடியோ_என்ஆர்=10 போன்ற விருப்பம் கொடுத்து எண்ணை நிலையாக்கலாம்; பிடிடிவி, எஸ்ஏஏ7134 இரண்டிலும் இது உண்டு; ஈஎம்28எக்ஸ்எக்ஸ் கார்டுக்கு இது ஈஎம்28எக்ஸ்எக்ஸ்-வி4எல் என்ற துணை மாட்யூலில் இருக்கிறது. டிஜிட்டல் பக்கத்துக்கு அடாப்டர்_என்ஆர். யூவிசிவீடியோ மாட்யூலில் அந்த வசதி இல்லை, ஆகவே நகர்த்த வேண்டியது டிவி கார்டைத்தான். என்னைக் கேட்டால் எண்ணையே மறந்துவிடுவது மேல்: /டெவ்/வி4எல்/பை-பாத் கோப்புறையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அது செருகப்பட்ட இடத்தை வைத்து ஓர் இணைப்புப் பெயரை, சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் யூடெவ் உருவாக்கியிருக்கும். டிவி நிரலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் எண் எப்படி மாறினாலும் கவலையில்லை.

அறிகுறி: டிரைவர் ஏறிவிட்டது, ஆனால் படம் கறுப்பு அல்லது ஒலி இல்லை

எல்எஸ்பிசிஐ சரியான டிரைவரைக் காட்டுகிறது, வீடியோ கோப்பும் இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் வரவில்லை. டிமெஸ்ஜியில் அன்னோன் அல்லது ஜெனரிக் என்ற சொல் தென்படுகிறதா என்று பாருங்கள். டிரைவர் கார்டின் சில்லை அடையாளம் கண்டுவிட்டது, கார்டின் மாதிரியை அடையாளம் காணவில்லை என்று பொருள். மாதிரியைச் சொல்லும் துணை அடையாள எண் கார்டில் உள்ள சிறு நினைவகச் சில்லில் இருக்க வேண்டும்; மலிவான கார்டுகளில் அந்தச் சில்லையே வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

அப்போது கார்ட்= என்ற விருப்பத்தால் மாதிரி எண்ணை நாமே சொல்ல வேண்டும். கெர்னல் ஆவணத்தில் பிடிடிவிக்கும் எஸ்ஏஏ7134-க்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் பட்டியல் இருக்கிறது. கார்டைக் கழற்றிப் பலகையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும், தகர மூடி போட்ட டியூனர் பெட்டியின் மேல் ஒட்டிய பெயரையும் படித்து அதற்கு நெருங்கிய மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிலிருந்து வரிசையாக எல்லா எண்களையும் போட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடித்தமானதல்ல. மாதிரி எண் என்பது கார்டின் ஜிபிஐஓ கம்பிகளை (சில்லின் கட்டுப்பாட்டு இணைப்புகளை) எப்படி இயக்க வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பு. தவறான எண் டியூனருக்கான மின்சாரத்தையோ ஒலிப் பாதையையோ அடைத்துவிடும். அப்படிக் கண்மூடித்தனமாகத் தேடும்போது படம் வந்து ஒலி வராத எண்ணில் நின்றுவிட்டு, ஒலி டிரைவர் மோதுகிறது என்று வேறொரு பக்கம் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரே வகையில் இரண்டு கார்டுகள் இருந்தால் எண்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதலாம். கார்டுகள் கண்டறியப்படும் வரிசையே எண்களின் வரிசை.

ஒளிபரப்புத் தரத்தையும் ஒரு முறை பாருங்கள். பால், என்டிஎஸ்சி என்பவை அனலாக் ஒளிபரப்பின் இரு தரங்கள். பால் ஒளிபரப்பு இருக்கும் இடத்தில் டிரைவர் என்டிஎஸ்சி என்று தொடங்கியிருந்தால் படம் உருளும், நிறம் இருக்காது. வி4எல்2-சிடிஎல் -எஸ் பால் என்று தட்டினால் சரியாகிவிடும்.

அறிகுறி: "டிஸ்அக்ரீஸ் அபவுட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்"

புதிய கார்டுக்காக மீடியா_பில்ட் தொகுப்பைத் தனியாகத் தொகுத்து நிறுவியவர்களுக்கு வருவது இது. அந்தத் தொகுப்பு ஒரு டிரைவரை மட்டும் சேர்ப்பதில்லை. வீடியோடெவ் உட்பட மீடியா அடுக்கு முழுவதையும் தன் பதிப்பால் மாற்றுகிறது. பழையதில் ஒரு மாட்யூலும் புதியதில் ஒரு மாட்யூலும் கலந்துவிட்டால் ஒன்றையொன்று ஏற்காது. கலப்படத்தில் முதலில் பாதிக்கப்படுவது பல நேரம் டிவி கார்டு அல்ல, அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வெப்கேம்.

மாட்இன்ஃபோ -என் வீடியோடெவ் என்று தட்டினால் அந்த மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று தெரியும். பாதையில் அப்டேட்ஸ் அல்லது எக்ஸ்ட்ரா என்ற கோப்புறை இருந்தால் அது கெர்னலோடு வந்ததல்ல. அங்கேயுள்ள மீடியா மாட்யூல்களை நீக்கிவிட்டு, கெர்னல் தொகுப்பை மீண்டும் நிறுவி, டெப்மாட் -ஏ ஓட்டி மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு, அந்தத் தொகுப்பு இப்போதும் தேவைதானா என்று யோசியுங்கள். அன்றைக்குப் புதிதாக இருந்த கார்டின் டிரைவர் இன்றைய கெர்னலில் இயல்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் தனியாகத் தொகுத்த மாட்யூல் கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்படும். பிழைச் செய்தியில் கீ என்ற சொல் இருந்தால் அதுதான் காரணம். மோதல் எதுவும் இல்லை.

அறிகுறி: ஆர்டிஎல்2832யூ குச்சியை ரேடியோ நிரல் திறக்க மறுக்கிறது

இந்தக் குச்சி டிவிபி-டி தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. பின்னர் அதையே மென்பொருள் ரேடியோவாகவும் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார்கள். குச்சியைச் செருகியதும் கெர்னல் அதை டிவி என்று எண்ணி டிவிபி_யூஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூ மாட்யூலிடம் ஒப்படைத்துவிடும். ரேடியோ நிரல் பயன்படுத்தும் நூலகமோ கெர்னல் டிரைவர் இல்லாமல் யூஎஸ்பி சாதனத்தோடு நேரடியாகப் பேச விரும்புகிறது. விளைவு, யூஎஸ்பி_கிளெய்ம்_இன்டர்ஃபேஸ் எரர் -6.

இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது, முடிவு உங்களுடையது. ரேடியோ மட்டுமே என்றால் பிளாக்லிஸ்ட் வரி போதும், ஏனென்றால் இந்த மாட்யூல் சாதன அடையாளத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறது. இரண்டும் வேண்டுமென்றால் ரேடியோ கேட்கும் முன் மாட்புரோப் -ஆர் கட்டளையால் மாட்யூலை இறக்கிக்கொள்ளுங்கள்.

மோதல் போல நடிப்பவை

ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோப்பு இல்லாத கார்டும் பாதியில் நின்றுவிடும். டிமெஸ்ஜியில் "ஃபெய்ல்ட் வித் எரர் -2" என்று இருந்தால் கோப்பைக் காணவில்லை என்று பொருள். செய்தியிலேயே கோப்பின் பெயர் இருக்கும். அதை /லிப்/ஃபர்ம்வேர் கோப்புறையில் வைத்தால் தீர்ந்தது.

ஐவிடிவி டிரைவரில் ஓடும் கார்டுகள் படத்தைக் கார்டிலேயே எம்பெக்-2 ஆகச் சுருக்கி /டெவ்/வீடியோ0 வழியாகத் தருகின்றன. சுருக்காத படத்தை எதிர்பார்க்கும் நிரல் அதைத் திறந்ததும் வடிவம் தெரியவில்லை என்று சொல்லும். சுருக்காத படம் /டெவ்/வீடியோ32-இல் இருக்கிறது.

மிகப் பழைய டிவி நிரல் எந்தக் கார்டையும் காணவில்லை என்றால் அது வி4எல்1 முறையில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அந்த இடைமுகம் 2011-இல் வந்த 2.6.38 கெர்னலோடு நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டு யூஎஸ்பி சாதனங்களில் ஒன்று ஓடும்போது மற்றது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்றால் வட்டில் இடம் தேட வேண்டாம். யூஎஸ்பி பாதையின் அலைவரிசை தீர்ந்துவிட்டது. ஒன்றை வேறு கட்டுப்படுத்தியின் கீழ் உள்ள துளைக்கு மாற்றுங்கள். எந்தத் துளை எதன் கீழ் என்பதை எல்எஸ்யூஎஸ்பி -டி மரமே காட்டும்.

டிமெஸ்ஜியில் "நோபடி கேர்ட்" என்று ஒரு குறுக்கீட்டு எண்ணைப் பற்றி வந்து, அதன் பிறகு படம் உறைந்துபோனால், கார்டு பகிர்ந்துகொள்ளும் ஐஆர்க்யூ (குறுக்கீட்டு) வரியில் சிக்கல். /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த எண்ணைப் பகிர்ந்துகொள்பவர்கள் யார் என்று பார்த்துவிட்டு, கார்டை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். அந்தச் செய்தியே பரிந்துரைக்கும் ஐஆர்க்யூபோல் விருப்பம் சோதனைக்கு உதவும், நிரந்தரமாக வைத்துக்கொள்ள உகந்ததல்ல, கணினியை மந்தமாக்கும்.

வேறொரு இயங்குதளத்திலிருந்து மறுதொடக்கம் செய்து லினக்ஸுக்கு வந்தால் மட்டும் கார்டு வேலை செய்யவில்லையா? முந்தைய டிரைவர் ஏற்றிய ஃபர்ம்வேரும் அமைப்புகளும் மின்சாரம் நிற்கும்வரை கார்டிலேயே இருக்கும். கணினியை அணைத்து, மின் இணைப்பையும் துண்டித்து, சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். உறக்க நிலையிலிருந்து எழும்போது மட்டும் கார்டு செத்துப்போகிறதென்றால், உறங்கப் போகும் முன் அதன் மாட்யூல்களை இறக்கி, எழுந்ததும் ஏற்றும் சிறு நிரலை சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் கோப்புறையில் வைக்கலாம். ஒலி மாட்யூலை முதலில் இறக்க வேண்டும், முதன்மை மாட்யூலைக் கடைசியில். பைப்வயர் ஒலியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மேலே சொன்னதுபோலச் சுயவிவரத்தை அணைத்துவைத்தால்தான் அது இறங்கும்.